யத்தொகிமஸ்! ஜப்பானிய மொழி காதில் விழும்போது...

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு ஜப்பானிய வாடிக்கையாளருக்கு சாப்ட்வேர் செய்து கொண்டிருந்தோம். திங்கட்கிழமை ரிலீஸ். அன்று மதியம் கான்பரன்ஸ் கால். குழுவில் ஜப்பானிய மொழி சான்றிதழ் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் போன் என் பக்கம் நகர்த்தப்பட்டது. டெஸ்ட் டேட்டா பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னதில் கடைசி இரண்டு சொற்கள் "அஷ்த யத்தொகிமஸ்" என்று தெளிவாகவே என் காதில் விழுந்தன.

அஷ்த என்றால் நாளை. யத்தொ என்றால் ஒருவழியாக. கிமஸ் என்றால் வருகிறது. "டேட்டா நாளைக்கு ஒருவழியா வந்துடுமாம்" என்று குழுவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, புரிந்துவிட்ட பெருமையில் டீ குடிக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த பைலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மாலை நான்கு மணிக்கு, அதாவது அங்கே இரவு ஏழரைக்கு, பயந்து கொண்டே ஒரு மெயில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. டேட்டாவை காலையிலேயே டெஸ்ட் சர்வரில் ஏற்றி வைத்துவிட்டோம், டெஸ்ட் முடிவுகளுக்காக நாங்கள்தான் காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆறு பேர் ஆபீஸ் வந்தோம். "ஏம்பா, என்-3 பாஸ் பண்ணியிருக்கே, ஒரு வரி புரியலையா?" என்று டீம் லீடர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

அவர் சொன்னது "யத்தெ ஒகிமஸ்". செய்து வைக்கிறோம் என்று பொருள். பாடப் புத்தகத்தில் இந்த வடிவம் எனக்கு நன்றாகத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் பேசும்போது "தெ ஒ" என்ற இரண்டு உயிர்களும் ஒட்டிக் கொண்டு "தொ" ஆகிவிடும். யத்தெ ஒகிமஸ் என்பது யத்தொகிமஸ் ஆகும். அது "ஒருவழியாக வருகிறது" என்ற வாக்கியத்துடன் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகிறது. சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஜப்பானியருக்கு அது அனிச்சையாக நடக்கிறது. எனக்கு நடக்கவில்லை, ஏனென்றால் "தொகு" என்று ஒன்று இருப்பதே என் காதுக்குத் தெரியாது. தெரியாத சொல்லைக் காது விட்டுவிடுவதில்லை. தெரிந்த சொல்லாக மாற்றிக் கேட்டுவிடுகிறது. புரியாமல் போயிருந்தால் திரும்பக் கேட்டிருப்பேன். தப்பாகப் புரிந்ததால்தான் இரண்டு நாள் போயிற்று.

மேலே போகும் முன் ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் ஜப்பானியச் சொற்களை தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். இதைப் பார்த்து உச்சரிப்பு பழகாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உச்சரிப்பு மாற்றங்களில் முதலில் சந்திப்பது உயிரெழுத்து காணாமல் போவது. புத்தகத்தில் "தெஸு", "மஸு" என்று இருப்பதை எல்லோரும் "தெஸ்", "மஸ்" என்பார்கள். இதை முதல் வகுப்பிலேயே ஆசிரியர் சொல்லிவிடுவார். ஆனால் இது அந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் உள்ள சலுகை என்பது போல் விட்டுவிடுவார். உண்மையில் இது ஒரு பொது விதி. க, ஸ, ஷ, த, ஹ போன்ற அதிர்வில்லாத இரண்டு ஒலிகளுக்கு நடுவே இ அல்லது உ மாட்டிக் கொண்டால் அதன் குரல் போய்விடும். வெறும் மூச்சு மட்டும் நிற்கும். அஷித என்பது அஷ்த, ஸுகி என்பது ஸ்கி, ஹிதொ என்பது ஹ்தொ. டோக்கியோ பேச்சில் இது பலமாக இருக்கும். ஒஸாகா, கியோத்தோ பக்கம் பலர் அந்த உயிரை முழுதாகவே சொல்வார்கள். இந்த ஒரு விதியை முதல் மாதத்திலேயே முழுதாகச் சொல்லிக் கொடுத்திருந்தால், அகராதியில் தேடிக் கிடைக்காமல் போன எத்தனையோ சொற்கள் எனக்குக் கிடைத்திருக்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை உங்களில் பலர் பாட்டு வெட்ட பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் ஒரு ஜப்பானிய உரையாடலைத் திறந்து, டிராக்கின் பெயர் உள்ள இடத்தில் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் தேர்ந்தெடுத்திடுங்கள். உயிரெழுத்து உள்ள இடங்களில் அடியில் தடித்த பட்டைகள் தெரியும். "அஷித"வில் நடு "இ" இருக்க வேண்டிய இடத்தில் பட்டை இருக்காது. மேலே புகை மாதிரி "ஷ்" மட்டும் இருக்கும். என் காது மந்தம் என்று நினைத்துக் கொண்டிருந்த எனக்கு இந்தப் படம் பெரிய ஆறுதல். கேட்காதது என் குறை இல்லை, அங்கே ஒலியே இல்லை.

இரண்டாவது, மூக்கொலி. ஜப்பானிய மொழியில் அதற்கு ஒரே ஒரு எழுத்துதான். ஆனால் அடுத்து வரும் ஒலியைப் பொறுத்து அது ம், ந், ங் என்று மாறும். நடைப்பயிற்சி ஸம்பொ, புத்தக அலமாரி ஹொந்தன, நலம் கெங்கி. மூன்றிலும் எழுத்து ஒன்றுதான். பல நாட்டு மாணவர்கள் இதில் திணறுவார்கள். நாம் திணற வேண்டியதில்லை, இந்த மூன்றுக்கும் நம்மிடம் தனித்தனி எழுத்தே இருக்கிறது. நாம் மாட்டிக் கொள்வது வேறு இடத்தில். அந்த மூக்கொலிக்குப் பின் உயிரெழுத்து வந்தால் நாக்கு மேலே தொடவே தொடாது. ஆயிரம் யென் என்பதை எழுத்துப்படி "ஸென் என்" என்று பிரிக்கலாம்; காதில் விழுவது கிட்டத்தட்ட "ஸெஎன்", முதல் உயிர் மூக்கு வழியாகப் போகும். நாமோ புணர்ச்சி விதி மாறாமல் "ஸெனென்" என்போம், கடைக்காரர் விழிப்பார். இதற்கும் நம்மிடம் ஒரு சாவி உண்டு. "அவன் வந்தான்" என்பதை வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? கடைசி ன் நாக்கில் படாமல் மூக்கில் கரைந்து போகிறது அல்லவா? அதேதான். எழுத்துத் தமிழை மறந்து பேச்சுத் தமிழை நினைத்தால் சரியாக வரும்.

ங பற்றி இன்னொரு சேதி. சொல்லின் நடுவே வரும் அழுத்தமான "க"வை மூக்கால் "ங" என்று சொல்வது பழைய டோக்கியோ பேச்சு. என்எச்கே செய்தி வாசிப்பாளர்களிடம் கேட்கலாம். இன்றைய டோக்கியோ இளைஞர்களில் பெரும்பாலோர் அப்படிச் சொல்வதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தால் போதும், குழப்பம் இல்லை.

ஆனால் எனக்கு இரண்டு நாள் செலவு வைத்தது இவை எதுவும் இல்லை. சுருக்க வடிவங்கள்தான். "தெ இரு" என்பது "தெரு" ஆகும் (நம் தெரு அல்ல, செய்து கொண்டிருப்பது). "தெ ஒகு" என்பது "தொகு". "தெ ஷிமத்த" என்பது "ச்சத்த". செய்தாக வேண்டும் என்று சொல்ல வரும் "நகெரெப" என்பது "நக்ய". தெரியாது என்னும் "வகரனை" என்பது "வகன்னை". இவை கொச்சை இல்லை. என் வாடிக்கையாளர் மிக மரியாதையாகத்தான் பேசினார். "மஸ்" போட்டுத்தான் முடித்தார். ஆபீஸ் பேச்சிலேயே இப்படி என்றால் நண்பர்கள் பேச்சைக் கேட்கவே வேண்டாம். எந்த போன் உரையாடலும் தொடங்கும் "ஒஸெவ நி நத்தெ ஒரிமஸ்" என்ற வணக்க வாக்கியம்கூட பலர் வாயில் "ஒஸெவன்னத்தெமஸ்" என்றுதான் வரும். மன்னிப்பு கேட்கும் "ஸுமிமஸென்" பாதி நேரம் "ஸுயிமஸென்".

இதெல்லாம் நமக்கு அந்நியமா? "செய்து விட்டேன்" என்று யார் பேசுகிறோம்? "செஞ்சுட்டேன்" என்கிறோம். "வந்து கொண்டு இருக்கிறேன்" என்பது "வந்துட்டிருக்கேன்" ஆகிறது. துணை வினை முதன்மை வினையோடு ஒட்டிக் கொண்டு கரைவது இரண்டு மொழிக்கும் பொது. பொருளும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது: ஷிமத்தவுக்கு "விட்டேன்", ஒகுவுக்கு "வைக்கிறேன்". ஆங்கிலம் வழியாக ஜப்பானிய மொழி படிப்பவன் இந்தத் துணை வினைகளைப் புரிந்து கொள்ள ஒரு பக்கம் விளக்கம் படிக்க வேண்டும். நமக்கு ஒரு வரி போதும். ஆனால் சென்னையில் நான் படித்த வகுப்பில் பாடம் நடந்தது ஆங்கிலத்தில், புத்தகமும் ஆங்கில விளக்கத்துடன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தமிழ் பேசுபவர்கள். இதை என்ன சொல்ல!

என் குற்றச்சாட்டு பாட ஒலிகளின் மீதுதான். புத்தகத்தோடு வரும் ஆடியோ பைல்களில் பேசுபவர்கள் குரல் பயிற்சி பெற்றவர்கள். அமைதியான ஸ்டுடியோவில், ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்குவார். ஆரம்ப நிலைக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்தும் அதையே கேட்டுக் கொண்டிருந்தால் காது அந்த ஸ்டுடியோவுக்கு மட்டும்தான் பழகும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984ல் தொடங்கியது. பழைய முறையில் கேட்கும் பகுதிக்கு 400க்கு 100 மதிப்பெண். 2010ல் என்-1 முதல் என்-5 வரை ஐந்து நிலைகளாக மாற்றியபோது 180க்கு 60 ஆனது; அதில் 19க்குக் குறைந்தால் மொத்தத்தில் எவ்வளவு எடுத்தாலும் தோல்வி. கால் பங்காக இருந்தது மூன்றில் ஒரு பங்கு ஆகியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். தேர்வு ஒலியில் சுருக்க வடிவங்கள் ஓரளவு வரவும் வருகின்றன. ஆனால் விடை மூன்று அல்லது நான்கில் ஒன்று என்று எதிரே அல்லது காதில் தரப்பட்டுவிடும். "யத்தொகிமஸ்" என்பதை விடைத்தாள் எனக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். கான்பரன்ஸ் காலில் அந்த வசதி இல்லை. பேசும் திறனுக்கு இந்தத் தேர்வில் பகுதியே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதை மட்டும் பார்த்து போனை ஒருவனிடம் நகர்த்தும் நிறுவனங்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஜப்பானிய மொழியியலாளர்களுக்கு இந்த இடைவெளி நன்றாகத் தெரியும். தேசிய ஜப்பானிய மொழி ஆய்வு நிறுவனமும் மற்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து சுமார் 660 மணி நேர இயல்புப் பேச்சைத் தொகுத்து 2004ல் வெளியிட்டன. அதில் பேச்சை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்: முறையான வடிவம் ஒன்று, வாயிலிருந்து உண்மையில் வந்த வடிவம் ஒன்று. ஆராய்ச்சிக்காகச் செய்த வேலை அது. இதே இரண்டு வரி முறையை ஒரு சாதாரணப் பாடப் புத்தகத்தில் ஏன் தரக்கூடாது? மேல் வரியில் "யத்தெ ஒகிமஸ்", கீழ் வரியில் "யத்தொகிமஸ்". பக்கம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஜப்பானியரே தங்கள் மொழியில் வழுக்கும் இடங்களும் உண்டு, கேட்க சுவையாக இருக்கும். சூழல், மனநிலை என்று பொருள்படும் "ஃபுன்இகி" என்ற சொல்லைப் பலர் "ஃபுயின்கி" என்கிறார்கள். அப்படியே கம்ப்யூட்டரில் டைப் செய்தால் சீன எழுத்தாக மாறாது. "ஏனோ மாற மாட்டேன் என்கிறது" என்று ஜப்பானிய இன்டர்நெட்டில் இது ஒரு பழைய நகைச்சுவை. பின்னாளில் வந்த சில உள்ளீட்டு சாப்ட்வேர்கள் தவறைச் சுட்டிக்காட்டி சரியான சொல்லைத் தந்தன. வாஷிங் மெஷின் "ஸென்தகுகி", வாயில் "ஸென்தக்கி". நகராட்சிப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் அடைமொழி ஒரே "ஷிரித்ஸு" என்பதால் குழப்பம் வரும்போது இரண்டுக்கும் வேறு வாசிப்பைச் சொல்லிப் பிரிப்பார்கள். ஒன்று என்னும் "இச்சி"யும் ஏழு என்னும் "ஷிச்சி"யும் போனில் குழம்பும் என்பதால் ஏழை "நன" என்பார்கள். நம் துறையிலும் ஒன்று நடந்தது. பிரின்டர், கம்ப்யூட்டர் போன்ற சொற்களின் கடைசி நெடிலை ஜப்பானியத் தொழில்நுட்ப எழுத்தில் வெட்டி எழுதுவது வழக்கம். பொதுமக்கள் நெடிலோடுதான் பேசினார்கள். 2008ல் மைக்ரோசாப்ட் தன் ஜப்பானியத் தயாரிப்புகளில் நெடிலைச் சேர்த்து எழுதப் போவதாக அறிவித்தது. பழைய எஞ்சினியர்களின் ஆவணங்களில் இன்றும் குறில்தான். பேச்சு எழுத்தை வென்ற ஒரு சில இடங்களில் இது ஒன்று.

சரி, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? எல்லோரும் முதலில் செய்வது வேகத்தைக் குறைப்பது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெதுவாகப் பேசிப் பதிவு செய்த ஆடியோ வேறு, இயல்பாகப் பேசியதை மெஷின் மெதுவாக்குவது வேறு. மெதுவாகப் பேசச் சொன்னால் மனிதர்கள் சுருக்கங்களை எல்லாம் விரித்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது அதுவல்ல. சுருங்கியது சுருங்கியபடியே மெதுவாகக் கேட்க வேண்டும். விஎல்சி பிளேயரில் பைலை ஓடவிட்டு இடது சதுர அடைப்புக்குறி கீயை அழுத்தினால் சிறிது சிறிதாக வேகம் குறையும், வலது சதுர அடைப்புக்குறி கூட்டும், சமக்குறி கீ பழைய வேகத்திற்குக் கொண்டு வரும். குரல் கரகரக்காது. வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ் தேர்ந்தெடுத்தால் ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும் பட்டன் கிடைக்கும். முக்கால் வேகத்துக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் அனுபவம். அதற்குக் கீழே எந்த மொழியும் மொழி மாதிரி இருப்பதில்லை. முக்கால் வேகத்தில் பிடித்ததை உடனே முழு வேகத்தில் நான்கைந்து முறை கேட்டிடுங்கள். மெதுவாகக் கேட்டதோடு விட்டால் பலன் இல்லை.

சப்டைட்டில் விஷயத்திலும் கவனம் தேவை. ஜப்பானிய டிவியில் கீழே ஓடும் எழுத்து வாயில் வருவதை அப்படியே தருவதில்லை. பார்க்க முடியும் என்பதைப் பேசுபவர் "மிரெரு" என்று சுருக்கினால், எழுத்தில் இலக்கணம் மாறாமல் "மிரரெரு" என்று திருத்திப் போடும் வழக்கம் அங்கே உண்டு. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற சாப்ட்வேர்கள் 2022க்குப் பின் இலவசமாகக் கிடைக்கின்றன. அவையும் தயக்கங்களையும் இழுவைகளையும் பெரும்பாலும் துடைத்துவிட்டுத்தான் தருகின்றன. எழுத்தைப் பார்த்துக் கொண்டே கேட்டால், கேட்காததையும் கேட்டதாகக் கண் ஏமாற்றும். முதலில் எழுத்து இல்லாமல் கேட்டு, காதில் விழுந்ததை ஜப்பானிய கனா எழுத்தில் எழுதிக் கொண்டு, பிறகு ஒப்பிடுங்கள். வேறுபாடு வரும் இடங்கள்தான் உங்கள் பாடம்.

கனா எழுத்தில் என்று அழுத்திச் சொல்கிறேன். எனக்குக் கிடைத்த குறிப்பேடுகளில் பாதி தமிழ் எழுத்தில் இருந்தன; நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் எழுதினேன். குறில், நெடில், இரட்டிப்பு இவற்றை நம் எழுத்து மிக அழகாகக் காட்டும். ஒரு பெண்மணியை "ஒபஸன்" என்பதற்கும் பாட்டியாக்கி "ஒபாஸன்" என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழனுக்கு விளக்காமலே புரியும். ஆனால் அதிர்வு உள்ள ஒலியையும் இல்லாத ஒலியையும் தமிழ் எழுத்து பிரிக்காது. "தந்தை" என்ற சொல்லில் இரண்டு த இருக்கின்றன, உச்சரிப்பு வேறு. வானிலைக்கு முதல் த போலத் தொடங்கும் "தெங்கி", மின்சாரத்துக்கு இரண்டாவது த போலத் தொடங்கும் "தெங்கி". தமிழில் எழுதினால் ஒன்றே. அதைவிட மோசம், ங் வந்ததும் நம் வாய் அடுத்த க்கு தானாக அதிர்வு கொடுத்துவிடும். ஜப்பானிய மொழியில் அங்கே அதிர்வு கிடையாது. பல்கலைக்கழகம் ஒரு "தைககு", படிப்பைப் பாதியில் விடுவது இன்னொரு "தைககு". இன்டர்வியூவில் எதைச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம் அல்லவா?

இன்னொரு வழியும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் ஜப்பானிய மொழிக் குரலைச் சேர்த்துக் கொண்டால் நீங்கள் டைப் செய்வதை அது வாசிக்கும். முழு வடிவத்தைக் கொடுத்தால் முழுதாகத்தான் வாசிக்கும், சுருக்கித் தராது. அதனால் முழு வடிவம் ஒரு வரி, சுருக்க வடிவம் ஒரு வரி என்று இரண்டையும் நீங்களே டைப் செய்து மாறி மாறிக் கேட்டிடுங்கள். பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் இருந்தால் ஆபீஸ் பேச்சில் பெரும்பகுதி அடங்கிவிடும். மெஷின் குரலில் உயிர் இல்லைதான், ஆனால் எத்தனை முறை கேட்டாலும் சலித்துக் கொள்ளாது.

அந்த வாடிக்கையாளரோடு பிறகும் ஒன்றரை ஆண்டுகள் வேலை செய்தேன். ஜப்பானில் போனில் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது மரியாதைக் குறைவு இல்லை, எதிர்பார்க்கப்படும் பழக்கம் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பின் அவர் எப்போது "தொகிமஸ்" என்று முடித்தாலும், "அப்படியென்றால் உங்கள் பக்கத்திலேயே செய்து வைக்கிறீர்கள், சரிதானே?" என்று முழு வடிவத்தில் திருப்பிக் கேட்பேன். அவரும் பொறுமையாக, ஒவ்வொரு எழுத்தாக, புத்தகத்தில் இருப்பது போலவே "ஹை, யத்தெ ஒகிமஸ்" என்பார்.